ஒன்றில் ஒட்டிய சிவப்பு டேப்

அந்த டேப் துண்டு என் சுண்டு விரல் நகத்தைவிடச் சின்னது. ஒயரில் சுற்றுகிற சாதாரண இன்சுலேஷன் டேப்தான். எங்கள் முதலாளி அதைப் பிளேடால் நறுக்கி, ஜீப்பின் டர்போ மீட்டர் கண்ணாடி மேல், ஒன்று என்ற எண்ணுக்கு நேராகத் தன் கையாலேயே ஒட்டினார். ஒட்டிவிட்டுக் கட்டை விரலால் இரண்டு முறை அழுத்தினார். "முள்ளு இதைத் தாண்டக் கூடாது. தாண்டுச்சுன்னா வண்டி உன் கையில இருக்காது" என்றார். இதை எழுதுகிற இந்த நிமிஷமும் அந்தக் கட்டை விரலைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் என்ன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கோபம் வந்தால் எனக்கு வரிசையாகச் சொல்ல வராது. இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் போடிக்காரன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட காலத்தில், அதில் எங்களுக்கெல்லாம் வேலை காத்திருக்கிறது என்று வகுப்பில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தோம். அது வரவில்லை. நான் சென்னையில் இரண்டு வருஷம் ஒரு கம்பெனியில் குப்பை கொட்டிவிட்டு ஊருக்குத் திரும்பினேன். ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும், மலை ரோடு தெரியும். ஏலத்தோட்டத்து முதலாளி ஒருவரிடம் ஜீப் ஓட்டச் சேர்ந்தேன். படித்துவிட்டு ஜீப்பா ஓட்டுகிறாய் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதை விட்டு நாளாகிறது.

காலையில் சிலமலையில் பதினாலு பெண்களை ஏற்றுவேன். போடி வந்து, முந்தல் தாண்டி, பதினேழு வளைவும் ஏறி, போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் இறக்கிவிடுவேன். நாள் முழுக்க ஏலச்செடித் தூரில் குனிந்து காய் எடுத்துவிட்டு வருகிறவர்களைச் சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு இறங்குவேன். பதினாலு பேர் காலையில் எப்படி ஏறினார்களோ அப்படியே சாயங்காலம் இறங்க வேண்டும். என் சோலி அவ்வளவுதான். அதில் ஒருவரை நான் அப்படி இறக்கவில்லை.

மீட்டர் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் ஆத்திரம் யாருக்கும் விளங்காது.

எஞ்சினிலிருந்து வீணாக வெளியேறுகிற புகை, டர்போவில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிடும். அதே தண்டில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று எவ்வளவு போகிறதோ அவ்வளவு டீசல் ஒழுங்காக எரியும்; அந்த அளவுக்கு வண்டி இழுக்கும். எவ்வளவு காற்று திணிபடுகிறது என்று காட்டத்தான் மீட்டர். பஞ்சர் கடையில் காற்றைப் பவுண்டில் கேட்போம்: முன்னால் முப்பது, பின்னால் முப்பத்தஞ்சு. டர்போ மீட்டரில் பெரும்பாலும் பார் என்று போட்டிருக்கும். ஒரு பார் ஏறக்குறைய பதினாலரை பவுண்டு. கிலோ என்று போட்ட மீட்டரும் உண்டு. அதில் ஒன்று என்பதும் கிட்டத்தட்ட இதே ஒன்றுதான். இதெல்லாம் பெருக்கிக் கழித்தால் தீர்ந்துபோகிற சங்கதி.

தீராத சங்கதி, பூஜ்யம் எங்கே இருக்கிறது என்பது. நம்மைச் சுற்றிச் சும்மா இருக்கிற காற்றுக்கே ஓர் அழுத்தம் உண்டு. அதுவே ஏறத்தாழ ஒரு பார். பஞ்சர் கடை மீட்டர் அதைக் கணக்கில் சேர்க்காது. டியூபில் காற்று இல்லையென்றால் பூஜ்யம் காட்டும். டர்போ மீட்டர்களில் பலவும் அந்த ஜாதிதான். வண்டி நின்றால் பூஜ்யம், முழு ஏற்றத்தில் முக்கால், மிஞ்சினால் ஒன்று. இன்னொரு வகை மீட்டர் இருக்கிறது. அது காற்றே இல்லாத வெறுமையைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு எண்ணும். வண்டி சும்மா நின்றாலே சுற்றியிருக்கும் காற்றைச் சேர்த்து ஒன்று காட்டும். ஏற்றத்தில் ஒன்றே முக்காலுக்குப் போகும். இரண்டு மீட்டருமே உண்மைதான் சொல்கின்றன. எண்ணத் தொடங்குகிற இடம்தான் வேறு. முதல் வருஷப் பரீட்சையில் இது இரண்டு மார்க் கேள்வி. இரண்டு மார்க்கையும் முழுசாக வாங்கியவன் நான்.

டேப் ஒட்டுகிற வழக்கம் எங்கள் முதலாளியின் பழைய ஜீப்பில் தொடங்கியது. அதில் இருந்தது முதல் வகை மீட்டர். எனக்கு முன்னால் இருந்த டிரைவர் முள் ஒன்றைத் தாண்டும்படி மிதித்து மிதித்து டர்போவைக் காலி பண்ணிவிட்டாராம். அன்றைக்கு முதலாளி சிவப்பு டேப் ஒட்டினார். அதைப் பார்த்து மற்ற முதலாளிகளும் ஒட்டினார்கள். வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிற மாதிரி, டேப் ஒட்டாத ஜீப்பே ஸ்டாண்டில் இல்லை என்று ஆகிவிட்டது. டிரைவர் ஒழுங்கா, ரோட்டில் எப்படிப் போகிறான், பிரேக்கை எப்படிப் பிடிக்கிறான் என்பதெல்லாம் யாருக்கும் வேண்டாம். முள் டேப்பைத் தாண்டாமல் ஓட்டினால் நல்ல டிரைவர்.

பிறகு முதலாளி இன்னொரு ஜீப்பை செகண்ட் ஹேண்டில் எடுத்தார். அதில் மீட்டர் இல்லை. வெளியூரில் இருக்கிற அவர் மகன் ஆன்லைனில் ஒன்றைப் பிடித்து அனுப்பிவைத்தார். மாட்டி முடித்ததும் நான் குனிந்து பார்த்தேன். சாவியே போடவில்லை, முள் ஒன்றை ஒட்டி நின்றது. அடியில் பொடி எழுத்தில் பார் என்றும், பக்கத்தில் அதைவிடப் பொடியாக இது இரண்டாம் வகை என்பதற்கான குறிப்பும் இருந்தது. முதலாளி அதற்குள் டேப்பை நறுக்கிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, இது வேற மாதிரி மீட்டரு. வண்டி நிக்கையிலயே ஒன்னு காட்டுது பாருங்க. இதுல டேப்பு ஒட்டுறதுன்னா ரெண்டுகிட்ட ஒட்டணும்."

"ஒன்னுன்னா எல்லா மீட்டர்லயும் ஒன்னுதான்ப்பா."

"இல்ல மொதலாளி. இது வெளிக்காத்தையும் சேத்து அளக்குது."

"வெளிக்காத்தை எதுக்கு அளக்கணும்? அதுபாட்டுக்குச் சும்மாதான கெடக்கு?"

கூட நின்ற நாலு பேர் சிரித்தார்கள். "காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களாக்கும்" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார். முதலாளி கட்டை விரலால் அழுத்தினார். முள் தூக்கி நிற்பதற்கும் காரணம் சொன்னார்: புது மீட்டர், போகப் போக இறங்கிவிடும்.

அவர் முட்டாளாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. ஏலக்காயை உள்ளங்கையில் போட்டு உருட்டியே, இன்னும் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தெரியாத விஷயத்தைத் தெரியாது என்று விடத்தான் அவருக்கு மனசு வராது. அதுவும் தன்னிடம் வேலை பார்க்கிறவன் சொன்னால் வரவே வராது.

முதல் வாரம் நான் டேப்பை மதிக்கவில்லை. மதித்தால் வண்டி முந்தலைக்கூடத் தாண்டாது. ஏற்றத்துக்கு என்ன வேண்டுமோ அதை மிதித்தேன். முள் ஒன்றரை, ஒன்றே முக்கால் என்று போய் வந்தது.

என் பக்கத்து சீட்டில் எப்போதும் ஓர் அக்கா உட்கார்ந்து வருவார். சிலமலைக்காரர், ஐம்பது வயது இருக்கும். அந்தப் பதினாலு பேருக்கும் அவர்தான் கங்காணி. பின்னால் உட்கார்ந்தால் வளைவில் குமட்டும் என்பதால் முன் சீட்டு அவருக்கு என்று ஆகிவிட்டது. முதல் நாளே டேப்பைக் கவனித்துவிட்டார்.

"என்னா அப்பு, பொட்டு வச்சிருக்க?"

"நான் வைக்கலக்கா. மொதலாளி வச்சது. முள்ளு இதைத் தாண்டக் கூடாதாம்."

"தாண்டிருச்சே."

"தாண்டுனாத்தான் நாம மேல போவோம்."

"அப்ப நீ ரோட்டைப் பாரு. முள்ளை நான் பாத்துக்கிறேன்."

அன்றிலிருந்து அதுவே எங்களுக்கு விளையாட்டானது. ஒவ்வொரு வளைவிலும் "ஒன்னரை", "இந்தா ஏறிருச்சு" என்று சொல்லிக்கொண்டு வருவார். ஏன் அது வண்டி நின்றாலும் ஒன்று காட்டுகிறது என்று கேட்டார். சொன்னேன். சுற்றியிருக்கிற காற்றின் அழுத்தம் அது என்றும், மேலே போகப் போக அது குறையும் என்றும் சொன்னேன். மெட்டில் டீக்கடை முன்னால் எஞ்சினை நிறுத்திவிட்டு முள்ளைக் காட்டினேன். போடியில் ஒன்றை ஒட்டி நின்ற முள், அங்கே ஒன்றுக்கு மூன்று கோடு கீழே நின்றது.

அக்கா குனிந்து முள்ளைப் பார்த்தார்.

"அதான் மேல பருப்பு வேக மாட்டேங்குதா?" என்றார். "சீசன்ல தோட்டத்து லயத்துல தங்குவோம்ல, தண்ணி தளதளன்னு கொதிக்கும், பருப்பு கல்லு மாதிரி கெடக்கும். வெறகு ஈரம்னு ஒருத்திய ஒருத்தி வஞ்சுக்கிட்டுல்ல இருந்தோம்."

அதேதான். காற்றின் அழுத்தம் குறைந்தால் தண்ணீர் போதிய சூடு ஏறுமுன்னே கொதித்துவிடும், பருப்புக்கு வேண்டிய சூடு கிடைக்காது. எங்கள் வகுப்பில் அறுபது பேர் இதை மனப்பாடம் பண்ணி எழுதினோம். ஒருவனுக்காவது பருப்புச் சட்டி ஞாபகத்துக்கு வந்திருக்குமா என்பது சந்தேகம். முதலாளிக்கு எவ்வளவு சொல்லியும் ஏறாதது, ஒரு டீ ஆறுவதற்குள் அக்காவுக்கு ஏறிவிட்டது. எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். இறங்கும்போது ஹாரனைக்கூடக் கோபமில்லாமல் அடித்தேன்.

அடுத்த வாரம் முதலாளி எங்களோடு ஜீப்பில் வந்தார். அக்கா பின்னால் போய் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நாலாவது வளைவில் முள் ஒன்றரையைத் தாண்டியது. முதலாளி டாஷ்போர்டைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். அத்தனை பெண்கள் முன்னால், அடுத்தவன் பொருளை அழிக்கிறவன், சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா என்றெல்லாம் பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு தடவை திறந்து சிரிப்பு வாங்கியது போதும் என்று இருந்தது.

மறுநாள் மத்தியானம் ஜீப் தேவாரம் ரோட்டில் ஒரு ஒர்க்ஷாப்பில் நின்றது. டர்போ அளவுக்கு மேல் சுற்றாமல் இருக்க அதில் ஒரு சின்னக் கதவு உண்டு. காற்று போதும் என்றானதும் அது திறந்து, புகையைச் சக்கரத்தின் மேல் படாமல் வெளியே விட்டுவிடும். முள் ஒன்றைத் தாண்டக் கூடாது என்று முதலாளி கறாராகச் சொன்னார். வேறு வழியில்லாமல் மெக்கானிக் அந்தக் கதவின் கம்பியைத் திருகி, எந்நேரமும் திறந்தே கிடக்கிற மாதிரி வைத்துவிட்டார். அதாவது டர்போ என்று ஒன்று இருந்தும் இல்லை. முதலாளி போனபின் நான் மெக்கானிக்கைப் பார்த்தேன்.

"எனக்கு மட்டும் தெரியாதா மாப்ளே?" என்றார் அவர். "சொன்னா கேக்குற ஆளா அவரு? நான் மாட்டேன்னா பக்கத்துக் கடைக்குப் போவாரு. நீ ரெண்டு நாள் ஓட்டு. ஏத்தத்துல படுத்துருச்சுன்னா அவரே ஓடி வருவாரு."

அப்போதே சாவியை அங்கே வைத்துவிட்டு நடந்திருக்க வேண்டும். நான் வண்டியை எடுத்தேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மெக்கானிக் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. படுக்கட்டும், ஏதாவது ஒரு வளைவில் ஏறாமல் நிற்கட்டும், அப்போது வந்து என் காலில் விழட்டும் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன். வண்டி எப்போது நிற்கும் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தே ஓட்டினேன். அந்த வண்டியில்தான் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏற்றம் முழுக்க முதல் கியர். காற்றுப் போதாமல் டீசல் பாதி வெந்து கரும்புகையாகப் போனது. பின்னால் வந்த ஜீப்காரர்கள் ஹாரன் அடித்தே காதைச் செவிடாக்கினார்கள். அடிவாரத்தில் முள் டேப்பைத் தொட்டு நின்றது. மேலே போகப் போக டேப்புக்குக் கீழே இறங்கியது. அதைக் கேட்டு முதலாளிக்கு மகா திருப்தி. மெட்டு டீக்கடைச் சேட்டன் புகையைப் பார்த்துவிட்டு, "எஞ்சின் போயோ?" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

நாலைந்து நாள் போனதும் அக்காவும் கேட்டார்.

"இப்பல்லாம் முள்ளு ஏறவே மாட்டேங்குதே அப்பு?"

"மெதுவா மிதிக்கிறேன்க்கா. மொதலாளி அன்னைக்கு அந்தப் பேச்சு பேசிட்டார்ல."

"சரி, மெதுவாவே போ. வெரசாப் போயி என்னத்தக் கண்டோம்."

அதற்குப் பிறகு அவர் முள்ளைச் சொல்லி விளையாடவில்லை.

அன்றைக்குக் காலையில் தூறிக்கொண்டிருந்தது. பதினாலு பேரோடு மூன்று உர மூட்டையையும் ஏற்றி அனுப்பியிருந்தார் முதலாளி. மூட்டைகள் பின்வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. பதினோராவது வளைவில், மேலிருந்து ஒரு பஸ் வளைவை முழுசாக எடுத்துக்கொண்டு இறங்கியது. நான் ஏற்றத்திலேயே நிறுத்தும்படி ஆனது. பஸ் போனதும் எடுத்துப் பார்த்தேன். வண்டி உறுமியதே ஒழிய நகரவில்லை. கிளட்ச் கருகுகிற வாடை வந்தது. மறுபடி எடுத்தேன். ஒரு சாண் பின்னால் போனதும் ஹாண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்தேன்.

ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால், யாராவது ஒருவர் இறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல் கொடுப்பது எங்கள் மலையில் வழக்கம். பின்னால் இருக்கிறவர்கள்தான் இறங்குவார்கள். அன்றைக்கு அவர்களால் மூட்டையைத் தாண்டி வர முடியவில்லை. யாரும் சொல்லாமலே அக்கா முன் கதவைத் திறந்து இறங்கினார். ரோட்டோரத்தில் ஒரு கல்லைத் தேடிப் பிடித்து, பின் சக்கரத்துக்கு அடியில் காலால் தள்ளிக் கொடுத்தார். "வச்சாச்சு, எடு" என்று குரல் வந்தது.

ஹாண்ட் பிரேக்கை விட்டு, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தேன். டர்போ இருந்திருந்தால் அந்த இடத்தில் முள் சரசரவென்று ஏறியிருக்கும், வண்டி ஒரு உலுக்கு உலுக்கி மேலே போயிருக்கும். முள் டேப்புக்குக் கீழேயே கிடந்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமி அணைந்தது. வண்டி பின்னால் வந்தது. ஈரத்தில் கல் வழுக்கிக்கொண்டு போனது. கால் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். ஒரு முழத்துக்குள் நிறுத்திவிட்டேன்.

அக்கா கத்தவில்லை. "அப்பு, முன்னால எடு. காலு மேல நிக்குது" என்றார்.

முன்னால் எடுக்கிற வண்டியாக இருந்தால் அது ஏன் அங்கே நிற்கப்போகிறது? பிரேக்கை விட்டால் வண்டி இன்னும் பின்னால் போகும். இறங்கவும் முடியாமல், எடுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்த பதின்மூன்று பேரும் மூட்டைகளை உருட்டி ரோட்டில் தள்ளிவிட்டு, ஒருவர் மேல் ஒருவராக விழுந்து இறங்கினார்கள். முதுகைக் கொடுத்துத் தள்ளினார்கள். "விடு இப்ப" என்று ஒருவர் சொன்னதும் பிரேக்கை விட்டேன். அவர்கள் தள்ளித்தான் ஜீப் அந்த ஒரு அடி ஏறியது. அக்கா ரோட்டில் உட்கார்ந்து தன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். செருப்பு சக்கரத்தின் தடத்தோடு அப்படியே தட்டையாகக் கிடந்தது.

இறங்கி வந்த ஒரு காரில் ஏற்றி, தேனிக்குக் கொண்டுபோனோம். பாதத்தில் மூன்று எலும்பு உடைந்திருந்தது. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், முதலாளி ஸ்டாண்டில் நின்று, "வளைவுல கிளட்சை விட்டுட்டான், படிச்ச பயல வேலைக்கு வச்சா இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அன்று சாயங்காலமே என் காதுக்கு வந்தது. நேரே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். அக்காவின் மகள் என் கையில் மருந்துச் சீட்டைக் கொடுத்து அனுப்பியிருந்ததால் மருந்துக் கடைக்குப் போனேன்.

மூன்றாம் நாள் முதலாளிக்குத் தோட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது. நான்தான் ஓட்டினேன். அவர் ஒருவர் மட்டும் என்பதால் வண்டி எப்படியோ முக்கி முனகி ஏறியது. மெட்டில் டீக்கடை முன்னால் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை உருவி அவர் மடியில் போட்டேன்.

"முள்ளப் பாருங்க மொதலாளி."

பார்த்தார்.

"வண்டி ஓடல. சாவி உங்ககிட்ட இருக்கு. முள்ளு எங்க நிக்குது?"

"ஒன்னுக்குக் கீழ."

"கெளம்புறதுக்கு முன்னால போடியில எங்க நின்னுச்சு?"

நான் சொன்னேன். போடியில் இருக்கிற காற்றை அது போடியில் காட்டியது, மெட்டில் இருக்கிற காற்றை மெட்டில் காட்டுகிறது. நீங்கள் டேப் ஒட்டியது சும்மா கிடக்கிற வெளிக்காற்றின் மேல். அதற்கு மேல் ஒரு பொட்டுக் காற்றுக்கூட எஞ்சினுக்குள் போகக் கூடாது என்று சொல்லித்தான் பதினாலு பேரையும் மூன்று மூட்டையையும் ஏற்றி அனுப்பினீர்கள். எல்லாவற்றையும் குரலை உயர்த்தாமல்தான் சொன்னேன்.

அவர் நகத்தால் டேப்பைச் சுரண்டி எடுத்து, உருட்டி, ஜன்னலுக்கு வெளியே போட்டார்.

"இத மொதல்லயே இப்படி வெவரமாச் சொல்ல வேண்டியதுதான?" என்றார்.

சொன்ன அன்றைக்குச் சிரித்தது யார்? சாவியை அவர் மடியிலிருந்து எடுத்தேன். தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் அவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தேன். அந்த வாரத்திலேயே கதவின் கம்பி பழைய இடத்துக்கு வந்தது. அந்த மீட்டரைக் கழற்றிவிட்டு, நின்றால் பூஜ்யம் காட்டுகிற மீட்டரை மாட்டினார்கள். பழைய மீட்டர் ஃபால்ட்டு, அதனால்தான் இவ்வளவும் என்று ஸ்டாண்டில் சொன்னார் முதலாளி. எல்லாரும் தலையாட்டினார்கள். இந்த விவகாரத்தில் பொய்யே சொல்லாதது அந்த மீட்டர் ஒன்றுதான். அதை இரும்புக் கடையில் போட்டுவிட்டார்கள். புது மீட்டர் மாட்டிய மறுநாள் காலையில், இந்த வேலை வேண்டாம் என்று சாவியை முதலாளி மேசையில் வைத்துவிட்டு, கொஞ்சம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு சிலமலைக்குப் போனேன்.

அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை மாவுக்கட்டு. சமதரையில் நடந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். மலைச் சரிவில் நின்று காய் எடுக்க முடியுமா என்பதை ஆறு மாதம் கழித்துத்தான் பார்க்க வேண்டுமாம். "சமமான எடத்துல நடந்து நான் எங்க போகப்போறேன்?" என்று சிரித்தார்.

நான் கொட்டித் தீர்த்தேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. டேப் ஒட்டிய கதை, நாலு பேர் சிரித்த கதை, ஒர்க்ஷாப்பில் கதவைத் திறந்து வைத்த கதை, மெட்டில் முதலாளி சொன்ன அந்தக் கடைசி வார்த்தை, எல்லாம். அவரைச் சும்மா விடக் கூடாது அக்கா, ஒர்க்ஷாப்காரனையும் விடக் கூடாது என்றேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் ஒன்று கேட்டார்.

"அந்தக் கதவைத் தொறந்து வச்சது எப்ப?"

"உங்களுக்கு அடிபடுறதுக்குப் பன்னெண்டு நாளைக்கு முன்னாலக்கா."

"பன்னெண்டு நாளும் நான் உன் பக்கத்துலதான உக்காந்து வந்தேன்."

நான் ஆரஞ்சுப் பையைக் கட்டிலோரம் நகர்த்தி வைத்தேன்.

"முள்ளு ஏற மாட்டேங்குதேன்னு கேட்டேன்" என்றார். "மெதுவா மிதிக்கிறேன்னு சொன்ன. சொல்லியிருந்தா அன்னைக்கே எறங்கிருப்போம் அப்பு. நாங்க யாரும் ஏறியிருக்க மாட்டோம்."

குரலில் கோபமே இல்லை. பருப்பு வேகாததற்குக் காரணம் கண்டுபிடித்த அன்றைக்கு எப்படிப் பேசினாரோ அதே மாதிரிதான் பேசினார். முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று முதலாளி கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம், அதையே இவர் கேட்டபோது போக இடமில்லாமல் எனக்குள்ளேயே நின்றது. முதலாளிக்குத் தெரியாது. மெக்கானிக்குக்கு வண்டியில் யார் ஏறுவார்கள் என்று அக்கறை இல்லை. எனக்கு எல்லாம் தெரியும், பதினாலு பேரையும் தெரியும். நான்தான் வாயை மூடிக்கொண்டு, வண்டி எப்போது நிற்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா வாசல் பக்கம் வெளிச்சத்தைப் பார்த்தார்.

"சரி, நேரமாச்சு, கெளம்பு" என்றார். "பதிமூணு பேரும் ரோட்டுல நிப்பாளுக. அவளுகளயாச்சும் பத்திரமாக் கொண்டுபோ."

சாவி என்னிடம் இல்லை. அதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.